தாலி சுட்ட கழுத்து

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் தன் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்கு மேலே கட்டிக்கொண்டு வருவார். தோட்டத்துத் தொரைகூட வெறும் மணிக்கட்டில்தான் கடிகாரம் கட்டியிருந்தார் என்பதால் எங்களுக்கு அது பெரிய வேடிக்கை. பின்வரிசை வாங்குப் பையன்கள் நாள் தவறாமல் சிரித்தார்கள். ஒருநாள் அவர் பிரம்பை எடுக்கப் போகிறார் என்று எல்லோரும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டபோது, அவர் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டைக் காட்டினார். கடிகாரத்தின் முதுகளவுக்கு வட்டமாகத் தோல் கறுத்துக் கிடந்தது.

"கடிகாரத்துக்கு அடியில இருக்கிறது வெள்ளைப் பித்தளை. அதுல நிக்கல்னு ஒண்ணு கலந்திருக்கு. சில பேரு தோலுக்கு அது ஆகாது. வேர்வை பட்டா அரிக்கும், பொங்கும், தண்ணி வடியும். தோல்ல படாமக் கட்டுங்கன்னு ஹட்டன்ல டாக்டர் சொன்னாரு. கட்டினேன், ஆறிருச்சு. இதுல பல்லக் காட்ட என்னடா இருக்கு?"

அத்தோடு விஷயம் முடிந்தது. வாத்தியாருக்குத் தோஷம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் மனைவியின் ஆயுளுக்கு ஆபத்து என்று ஒருவரும் குறி கேட்கப் போகவில்லை. தோலுக்கு ஆகாததைத் தோலிலிருந்து விலக்கிக்கொள்ள ஓர் ஆண்பிள்ளைக்குச் சட்டைத் துணி போதுமாக இருந்தது. அதே வருடம், அதே தோட்டத்தில், அதே உலோகம் என் அக்காவின் கழுத்தில் தொங்கியது. அவளுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே இருந்தது. அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். அம்மாவும் அக்காவும் கொழுந்து எடுத்தார்கள். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நன்றாகவே தலைக்கேறியிருந்தது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். தேயிலைப் பெட்டிமேல் அச்சடித்திருப்பதைக்கூட நான் உரக்க வாசிப்பேன். அக்காவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. நான் பிறந்தபோது என்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் அவள்தான் என்பதால் அவள் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை. பிறகு அதே வாசலில் என்னைக் கொண்டுபோய் விட்டவளும் அவளே.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கொத்மலைப் பக்கத்துத் தோட்டம், கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் மெசின் வேலை. எனக்கு மச்சானைப் பிடித்திருந்தது. குரலை உயர்த்தாத மனிதர். அவருக்கும் சேர்த்து அவருடைய தாயார் குரலை உயர்த்தினார் என்பது எனக்கு அப்போது குறையாகத் தெரியவில்லை. கல்யாணத்தன்று தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தபோது அந்த அம்மாள் கூடவே நடந்து வந்தார். "ஹட்டன்ல சொல்லிச் செஞ்சது. அசல் பவுனு. தொட்டுக் கும்பிடுங்க, வெறும பாத்துக்கிட்டிருந்தா எப்படி?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். கட்டைவிரல் நகமளவு பொட்டு. மஞ்சள் கயிற்றில் பளபளவென்று இருந்தது. எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் அம்மா மட்டும் அதைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, திரும்பத் தட்டில் போட்டாள். பக்கத்தில் மேளக்காரர் கையை ஓங்கியபடி காத்திருந்தார்.

ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். மச்சான் கொண்டுவந்து ரோட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மழை விட்டிருந்த நேரம். ஆனாலும் அக்கா கொழுந்து எடுக்கப் போகிறவளைப் போலக் கம்பளியைத் தலையிலிருந்து மார்புவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் வந்தும் எடுக்கவில்லை. அம்மாதான் பிடித்து இழுத்தாள்.

கழுத்தின் பள்ளத்துக்குக் கீழே, தாலிப் பொட்டு படிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சதை வெந்தது போலச் சிவந்திருந்தது. அதன்மேல் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள். சில உடைந்து நீர் கசிந்து, ரவிக்கை விளிம்பு காய்ந்த கஞ்சி பட்ட துணி போல விறைத்திருந்தது. கல்யாணம் முடிந்த வாரமே அவளை அங்கே கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள். நாள் முழுக்க மழையும் வேர்வையும் தாலியும் ஒன்றாக ஊறியிருந்திருக்கின்றன.

"எப்பயிருந்து?" என்றாள் அம்மா.

"ஆனி மாசம் ஆரம்பிச்சது. அரிக்குதும்மா. ராவும் பகலும் அரிக்குது."

"அங்க யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

அக்கா ரவிக்கை விளிம்பைத் தோலிலிருந்து பிரித்தாள். "சொன்னாங்க. தாலி சுடுதாம்."

இதற்கு என்ன அர்த்தம் என்பது எங்கள் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டிய தாலி ஒரு பெண்ணைச் சுட்டால் அவளுக்குத் தாலி பாக்கியம் இல்லை, புருசனுக்கு ஆகாது. இதற்குச் சாட்சியாக அந்த ஆனி மாதத்திலேயே மச்சானின் சுட்டுவிரல் ஸ்டோர் மெசினில் சிக்கி நசுங்கியது. அந்த மெசினுக்கு மூடி கிடையாது. அதற்கு முன் எத்தனையோ பேர் விரலை அது தின்றிருக்கிறது. ஆனால் மெசினை ஒருவரும் குறை சொல்லவில்லை. ஸ்டோருக்கு எட்டாத மலையில், மழையில் நின்று கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்தைக் குறை சொன்னார்கள்.

எங்கள் லயத்துக்குச் செய்தி பரவ ஒரு நாள் ஆனது. அதுவே அதிகம். தண்ணீர் பிடிக்கும் பீலியில் பெண்கள் அக்கா வந்ததும் பேச்சை நிறுத்தி, அவள் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"புதுப்பொண்ணுக்குக் கழுத்துல தாலி பூத்துருச்சுடி."

"பூக்கட்டும், பூக்கட்டும். ஆவணி வரைக்கும் மாப்பிள்ளை தாங்குவாரான்னு பாரு."

சிரிப்பு. நான் அங்கேதான் நின்றேன். சின்னப் பயலுக்கு என்ன விளங்கும் என்று என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

அம்மா வேப்பிலை அரைத்துப் பூசினாள். பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள், நானும் போனேன். அங்கே இருந்த டாக்டரையா மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தபடி அக்காவை எட்டிப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. "சொறி. லயத்து அழுக்கு. சோப்புப் போட்டுக் குளி" என்றார். கொட்டும் ஆடி மழையில், உறைய வைக்கிற பீலித் தண்ணீரில், விடியுமுன் தினமும் தலைக்கு ஊற்றுகிறவள் என் அக்கா. அதைச் சொல்ல அம்மா வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எந்த நோய்க்கும் கொடுக்கிற அந்த ஊதா மருந்தைச் சின்னப் போத்தலில் வாங்கிக்கொண்டு வந்தோம். ஓர் எட்டு வெளியே வந்து, அந்தத் தாலியைத் தூக்கிப் பார்த்து, "இதக் கழட்டி வையிம்மா" என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். படித்தவர் வாயிலிருந்து வந்த சொல் என்று சம்பந்தி வீடுகூடக் கேட்டிருக்கும். அந்த ஒரு சொல்லுக்குச் சோம்பல்பட்ட மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மருந்து பூசியதில் அக்காவின் கழுத்து ஊதாவாகியது. அரிப்பு அப்படியே இருந்தது.

அதன்பிறகு மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர். பகலில் எங்கள் அப்பாவோடு கவ்வாத்து வெட்டுகிறவர், வெள்ளி செவ்வாயில் அம்மனுக்குக் கோழி வெட்டுகிறவர். திருநீறு போட்டு, ஒரு தகட்டைச் சுருட்டி உலோகக் கூட்டுக்குள் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து அக்காவின் வலது புஜத்தில் தாயத்தாகக் கட்டினார். ஒன்பதாம் நாள் அந்தக் கூட்டுக்கு அடியிலும் கொப்புளம் கிளம்பியது. கயிறு சுற்றியிருந்த இடத்தில் ஒன்றுமில்லை, கூடு படுத்திருந்த இடத்தில் மட்டும். பூசாரி அதைப் பார்த்துவிட்டு, தோஷம் கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிறது, சீக்கிரம் விரல் வழியாகப் போய்விடும் என்றார். எல்லோரும் அம்மனைக் கும்பிட்டார்கள்.

எனக்கு மட்டும் வாத்தியாரின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது.

அந்த வாரந்தான் கடிதமும் வந்தது. கொத்மலைப் பக்கத்திலிருந்து, யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதம். வழக்கம்போல என்னிடம் கொடுத்தார்கள். அடுப்புக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் அக்காவும் உட்கார்ந்திருக்க, நான் நின்றுகொண்டு வாசித்தேன். "அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு, நலம், நலமறிய ஆவல். நிற்க. தங்கள் மகளுக்கு ஏற்பட்டிருக்கும் தோஷம் கழிந்தால் ஆவணி முதல் ஞாயிறு வந்து அழைத்துக்கொள்கிறோம். கழியாவிட்டால் பெண் அங்கேயே இருப்பது இரு குடும்பத்துக்கும் நல்லது. எங்கள் மகனுடைய உயிர் எங்களுக்குப் பெரிது." தோஷம் என்ற சொல்லில் வருகிற அந்தக் கடினமான எழுத்தை நான் தடுமாறாமல் உச்சரித்தேன். வாசித்து முடித்ததும் பாராட்டு வரும் என்று நிமிர்ந்து பார்த்தேன். அக்கா புடவைத் தலைப்பைக் கழுத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். அம்மா கடிதத்தை வாங்கி அடுப்பில் போட்டாள்.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் மலைக்குப் போயிருந்த நேரம், அக்கா பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆளில்லாத தைரியத்தில் தாலியைத் தூக்கி முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு, புண்ணில் தண்ணீரை அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்றதால் தாலியின் அடிப்பக்கம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. பொன்னிறம் தேய்ந்துபோய், நடுவில் வெளிறிய சாம்பல் நிறம் தெரிந்தது. கரண்டியின் நிறம். வாத்தியாருடைய கடிகார முதுகின் நிறம்.

"அக்கா, இது தங்கம் இல்லக்கா."

அவள் சட்டென்று தாலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். நான் விடவில்லை. வாத்தியார் சொன்னதையெல்லாம் சொன்னேன். வெள்ளைப் பித்தளை, நிக்கல், வேர்வை, மணிக்கட்டு. தாயத்துக் கூடும் அதே ஜாதிதான் என்று சொன்னேன். கழற்றி எறிந்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்று வைத்தியரைப் போலச் சொன்னேன். அவள் குனிந்து துணியைப் பிழிந்தபடி கேட்டாள்.

"தங்கம் இல்லைன்னு எனக்குத் தெரியும்டா" என்றாள்.

"அப்ப ஏன் சொல்ல மாட்டேங்கிற?"

"யாருக்கிட்ட? புருசன் உசுரோட இருக்கயில தாலியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, இந்தா பாருங்க பித்தளைன்னு எந்தச் சபையில போய் நிக்கிறது?" பிறகு என் மோவாயைப் பிடித்தாள். கை ஈரமாக, சில்லென்று இருந்தது. "நீ வாயப் பொத்திக்கிட்டு இரு. ஆவணி வரைக்கும் பொறு. அவ்வளவுதான். என் தங்கம்ல?"

ஆவணிக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அக்கா பயப்படுகிறாள், படிக்காதவள், அதனால் பயப்படுகிறாள் என்று முடிவு கட்டினேன். படித்தவன் ஒருவன் வீட்டில் இருக்கும்போது அவள் ஏன் பயப்பட வேண்டும்? பள்ளிக்கூடத்துச் சுவரில் 'உண்மையே பேசு' என்று எழுதியிருந்தது. அதன் கீழேதான் நான் தினமும் உட்கார்ந்தேன்.

ஆவணி முதல் ஞாயிறு அவர்கள் வந்தார்கள். மாமியார், மச்சான், கூட இரண்டு உறவுக்காரர்கள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கு முன்னாலிருக்கும் ஒடுக்கமான இஸ்தோப்புத் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார வைத்தோம். லயம் என்றால் தெரியுமே, பத்துக் குடும்பத்துக்கும் ஒரே கூரை, ஒரே இஸ்தோப்பு. ஞாயிற்றுக்கிழமை வேறு. அரிசி புடைக்கிற சாக்கிலும் பேன் பார்க்கிற சாக்கிலும் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள். பூசாரியும் வந்திருந்தார், திருநீற்றுத் தட்டோடு, குளித்து, சந்தனம் பூசிக்கொண்டு.

மாமியார் தேத்தண்ணியைத் தொடாமல் ஆரம்பித்தார். "நாங்க கொற சொல்ல வரல சம்பந்தி. புள்ள நல்ல புள்ளதான். ஆனா ஒரு கழுத்து தாலியவே தாங்கலைன்னா நாங்க என்னத்தப் பண்றது? எம் மகன் வெரலப் பாருங்க."

மச்சான் துணி சுற்றிய விரலை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டார். அக்காவை அவர் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

அப்பா பூசாரியைப் பார்த்தார். பூசாரி கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் உடம்பை உலுக்கிக்கொண்டார். பிறகு அம்மனின் உத்தரவு இது என்று சொன்னார்: தாலியில்தான் யார் கண்ணோ பட்டிருக்கிறது. புருசன் பொண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. அந்தப் பொட்டை அம்மன் காலடியில் போட்டுவிட வேண்டும். புதுக் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து, மாப்பிள்ளை கையாலேயே இன்றைக்கே மறுபடியும் கட்ட வேண்டும். வசதி வரும்போது புதுப் பொட்டுச் செய்து கோத்துக்கொள்ளலாம்.

இஸ்தோப்பில் ஒரு பெருமூச்சு ஓடியது. மாமியாரின் முகம் சட்டென்று லேசாகியதைக்கூட நான் கவனித்தேன். "அம்மா உத்தரவுன்னா நாம யாரு மறுக்க?" என்றார். முதல் தடவையாகத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தார். என் அம்மா வாசற்படியில் ஏற்கனவே தயாராக வைத்திருந்த மஞ்சள் கிழங்கையும் கயிற்றையும் எடுக்கத் திரும்பினாள். அக்கா கையை உயர்த்தி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சைத் தொட்டாள். அவளுடைய கண்கள் மூடியிருந்தன. ஒரு மாதமாக நான் பார்க்காத முகம் அது.

எனக்கோ கொதித்தது. கண் பட்டதாம்! பித்தளையைக் கட்டி அக்காவை வேக வைத்தவர்கள் தேத்தண்ணி குடிக்கிறார்கள். அதையும் அம்மனுக்குக் காணிக்கையாகப் போடப் போகிறார்கள். அம்மனையே ஏமாற்றுவதா? அக்கா கேட்டுக்கொண்டது எல்லாம் மறந்துபோனது. நடுவில் போய் நின்றேன்.

"கண்ணும் இல்ல, தோஷமும் இல்ல! அது தங்கமே இல்ல, வெள்ளைப் பித்தளை! பின்பக்கம் திருப்பிப் பாருங்க, தேஞ்சு போயிருக்கு! நிக்கல்! அதான் கழுத்து வேகுது. எங்க வாத்தியாரே சொல்லியிருக்காரு!"

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதற்கு முன்பும் பின்பும் அவர் என்னை அடித்ததில்லை. காது கீச்சென்று ஒலித்தது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டிருந்தேன். பத்துக் குடும்பமும் கேட்டுவிட்டிருந்தது. அரிசி புடைக்கிற சத்தம் நின்றுபோனது. யாரோ ஒரு பெண், "அடியாத்தி, கவரிங்கா?" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி களுக்கென்று சிரித்தாள்.

மாமியார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நல்லாருக்கு சம்பந்தி. நல்லாச் சொல்லிக் கொடுத்து வச்சிருக்கீங்க. கூப்பிட்டு வச்சு மூஞ்சியில காறித் துப்புறீங்க, இல்ல?"

"சின்னப் பய, தெரியாமச் சொல்றான்" என்றாள் அம்மா. அவள் கையில் மஞ்சள் கிழங்கு அப்படியே இருந்தது.

"தெரியாமயா? நிக்கலு, பித்தளைன்னு படிப்பாளி பேரு பேரா அடுக்குறான்!" அந்த அம்மாள் சுற்றியிருந்தவர்களை ஒரு முறை பார்த்தார். பிறகு பேசியபோது குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இப்ப இதக் கழட்டினா இந்த லயம் என்ன பேசும்? பித்தளைங்கிறதாலதான் கழட்டினாங்கன்னு பேசும். எம் மகன் கட்டினது பொய்த் தாலின்னு நாளைக்குக் கொத்மலை வரைக்கும் போகும். கழட்டக் கூடாது. இந்தத் தாலியோடவே வர்றதுன்னா இப்பவே கெளம்பட்டும். கழட்டினா, கழட்டின கையோட இங்கயே இருக்கட்டும்."

பூசாரி, "அம்மா உத்தரவு..." என்று இழுத்தார்.

"அம்மா உத்தரவ அந்தப் படிச்ச பயகிட்டக் கேளுங்க."

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் பாயின் கோரையை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் அவர் சொல்லியிருக்கலாம். அவர் கட்டிய தாலிதானே, அவர் அவிழ்த்தால் யார் தடுப்பார்கள்? அந்த நல்ல மனிதரின் மௌனத்தை நினைத்தால் இப்போதும் என் பல் கடிபடுகிறது.

அக்கா கண்ணைத் திறந்தாள். முடிச்சிலிருந்து கையை எடுத்தாள். தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு, உள்ளே போய்த் துணி மூட்டையை எடுத்து வந்தாள். அப்பா, "போயிட்டு வா தாயி" என்று மட்டும் சொன்னார். அம்மா மஞ்சள் கிழங்கைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

இதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு என்று அம்மா என்னிடம் சொன்னது பல வருடம் கழித்து. கல்யாணத்தன்று தாலியைக் கையில் எடுத்த உடனே, அது பவுன் இல்லை என்று கனத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும் சொல்லியிருக்கிறாள். பெண்ணை மணையில் உட்கார வைத்துவிட்டு என்ன செய்வது என்று இரண்டு பேரும் விழுங்கிக்கொண்டார்கள். அக்காவின் கழுத்து வெந்தபிறகு, பூசாரியின் காலைப் பிடித்து, அந்த உத்தரவை அம்மனின் பெயரால் சொல்லச் சொல்லிக் கேட்டதும் அவர்கள்தான். யாரும் தலைகுனிய வேண்டாம், பித்தளை அம்மன் காலடியில் மறைந்துவிடும், மகள் மஞ்சளோடு புருசன் வீட்டுக்குப் போய்விடுவாள். எழுத்துத் தெரியாத மூன்று பேர் சேர்ந்து, ஒரு பொய்யை இன்னொரு பொய்யால் தோலுக்கு வலிக்காமல் உரித்தெடுக்க வழி கண்டிருந்தார்கள். என் அக்கா அதற்காகத்தான் ஆவணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பையன் உளறிவிடுவான் என்று என்னிடம் மட்டும் சொல்லவில்லை.

மாமியார் இறந்துபோகும்வரை, நான்கு மழைக்காலம், அந்தத் தாலி அவள் கழுத்தில் கிடந்தது. அடியில் துணி சுற்றி வைத்துப் பார்த்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள் என்று அதையும் பிடுங்கி எறிந்திருக்கிறார் அந்த அம்மாள். புண் வெடிக்கும், ஆறும், மறுபடி வெடிக்கும். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது குழந்தையின் பிஞ்சுக் கை அங்கே பட்டால் அவளுக்கு உயிர் போய் வரும். இப்போது அந்த இடம் யானைத் தோல் மாதிரி தடித்துவிட்டது. என் முதல் சம்பளத்தில் உண்மையான பொட்டு ஒன்று செய்து கொடுத்தேன். என்ன பிரயோசனம்? ஒரு தடவை அந்த உலோகத்தை எதிரியாக்கிக்கொண்ட உடம்பு பிறகு அதை மறப்பதில்லையாம். வாளிப் பிடியைத் தூக்கினால் அவள் விரல் பொங்குகிறது. ஊக்குக் குத்தினால் ரவிக்கைக்கு அடியில் தடிக்கிறது. தாலி தங்கமா என்று கேட்க வாய் வராத ஜனங்கள், கழுத்து நல்ல கழுத்தா என்று மட்டும் கேட்டார்கள். அவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. அவர்கள் வரிசையில் பத்து வயதுப் பையன் ஒருவனும் நிற்கிறான். அவனையும் நான் விடுவதாக இல்லை.

அன்றைக்கு அந்தப் பையனுக்கு இதில் எதுவும் தெரியாது. கன்னம் எரிய எரிய, அவர்கள் இறங்கிப் போகிற பாதையில் ரோடு வரைக்கும் பின்னாலேயே ஓடினான். அக்காவை அழைத்துப் போகிறார்கள். மாமியார் வாயில் தோஷம் என்ற பேச்சே இப்போது இல்லை. உண்மையைச் சொன்னதும் தோஷம் ஓடிப்போய்விட்டது பார்த்தாயா என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. அப்பா அடித்ததுகூடப் பெருமையாக இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை திரும்புகிற இடத்தில் அக்கா ஒரு முறை நின்று, தலைப்பைக் கழுத்தோடு பிடித்தபடி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேட்டில் ஏறி நின்று, ஜெயித்துவிட்டு வந்தவனைப் போல, இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினேன்.